பதினான்காவது வீட்டுக் காபி

அத்தியாயம் 7

ஏழாவது வீட்டில் ஏழாவது காபி கைக்கு வந்தபோது என் மணிக்கட்டில் இருந்த வாட்ச் இரண்டு தடவை அதிர்ந்தது. திரையில் நாடித் துடிப்பு 116. நான் ஓடி வரவில்லை, மாடி ஏறவில்லை. முற்றத்தில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நான் கேட்காத காபியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த வீட்டு அம்மாள் சொன்ன பதிலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எங்க வீட்டுல பச்சத் தண்ணி கூடக் குடிக்கல தாயி. பத்திரிகைய வச்சாரு, வண்டிய எடுத்தாரு, போய்ட்டாரு."

முந்தைய ஆறு வீட்டிலும் இதே பதில்தான். ஒரு சொல் கூட முன்னே பின்னே இல்லை. மனப்பாடச் செய்யுளை ஒப்பிப்பது போல ஒப்பித்தார்கள். சேவியர் சார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு டம்ளரைக் கடைசிச் சொட்டு வரை காலி செய்தார். அவருக்கு யாரிடமும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. இந்தத் தொழிலில் அது ஒரு குறைதான், ஆனால் அவரிடம் இருக்கிற மற்ற குறைகளைப் பார்க்கும்போது இது தேவலை.

என் பெயர் அறிவுச்செல்வி. திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினோரு வருடம் ஈசிஜி எடுத்தவள். இப்போது நாகல் நகரில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் சேவியர் சாரின் துப்பறியும் நிலையத்தில் உதவியாளர். சாருக்கு ஐம்பத்து மூன்று வயது. முன்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, செத்தவர்கள் நிஜமாகவே செத்தார்களா என்று ஊர் ஊராகப் போய் விசாரித்தவர். வருகிற கட்சிக்காரர்களிடமெல்லாம் 'அறிவு இல்லாம நான் எங்கயும் போறதில்ல' என்பார். முதல் தடவை கேட்டபோது சிரித்தேன். அதற்கு மூன்று வருடம் ஆகிறது.

அன்று காலை எங்கள் மாடிப்படி ஏறி வந்தவர் நாச்சிமுத்து. கன்னிவாடிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் முருங்கையும் சம்பங்கியும் போடுகிற நாற்பது வீட்டு ஊரான கரட்டுப்பட்டிக்காரர். மனைவி சண்முகவள்ளி நேற்றிலிருந்து போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டுத் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். நாச்சிமுத்துவின் பெரியப்பா மகன் முனியப்பன். இரண்டு வீட்டுக்கும் கிணற்றுத் தண்ணீர் முறையில் தகராறு வந்து பன்னிரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. முனியப்பனுக்குப் பெண்டாட்டி இல்லை. ஒரே மகள் ஜீவிதா, அவளுக்கு இந்த மாதக் கடைசியில் கல்யாணம். போன வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பத்திரிகைப் பையை மாட்டிக்கொண்டு தனியாக மொபெட்டில் கிளம்பியவர், உள்ளூரில் பதினான்கு வீடு ஏறி இறங்கினார். பதினான்காவது வீடு நாச்சிமுத்துவுடையது. நாச்சிமுத்து அப்போது தோட்டத்தில் இருந்தார். சண்முகவள்ளி வாங்க என்று கூப்பிட்டாள், முனியப்பன் உள்ளே போனார், கட்டிலில் உட்கார்ந்தார், அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் உயிர் போய்விட்டது.

என்ன கொடுத்தாய் என்று கேட்டதற்குச் சண்முகவள்ளி காபி என்றாள். போலீஸ் நூறு தடவை கேட்டும் அதையேதான் சொல்கிறாள்.

அங்கேதான் முடிச்சு இறுகியது. முனியப்பன் காபியைத் தொட்டு ஆறு மாதம் ஆகிறது. ஜீவிதா புகாரோடு கொடுத்திருந்த பழைய ஈசிஜி தாளை இன்ஸ்பெக்டர் அழகுராஜா எனக்குக் காட்டினார். நல்ல இதயத்தின் கோடுகள் சம இடைவெளியில் வரும். இவருடையது பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி வரிசையில்லாமல் ஓடியிருந்தது. நம்மைப் போன்றவர்களுக்கு நாளைக்கு இரண்டு மூன்று டம்ளர் காபி பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. தாளம் தப்புகிற இதயம் எல்லாம் ஒரே மாதிரியும் இருக்காது. ஆனால் இவர் இதயத்துக்குக் காபி ஆகவில்லை, குடித்தால் படபடப்பு வந்தது, அதனால் டாக்டர் அறவே நிறுத்தச் சொல்லிவிட்டார். வீட்டில் சுக்குமல்லித் தண்ணீர்தான். எங்கேயும் வாய் நனைக்க மாட்டேன் என்று அன்று காலை மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

அப்படிப்பட்டவரைப் பகையாளி வீட்டில் வற்புறுத்திக் காபி குடிக்க வைத்தார்கள், குடித்தவர் அங்கேயே விழுந்தார் என்றால் ஊர் என்ன சொல்லும்? விஷம் என்றது. சாலை மறியல் நடந்தது. நாச்சிமுத்துவின் முருங்கை மரங்களை ராத்திரியோடு ராத்திரியாக வெட்டிச் சாய்த்துவிட்டார்கள்.

அழகுராஜா கெட்டவர் இல்லை, களைத்துப் போனவர். அவர் எங்களிடம் நேரடியாகச் சொன்னார். "கெமிக்கல் ரிப்போர்ட் வர ரெண்டு மாசம் ஆகும் சார். அதுவரைக்கும் இந்த அம்மாள வெளிய விட்டா ஊரு ஸ்டேஷன கொளுத்திரும். வேற ஒரு வீட்டுலருந்து, எங்க வீட்டுலயும் ஏதோ குடிச்சாருன்னு ஒரே ஒரு ஆளு வந்து சொல்லட்டும். அத வச்சு நான் நிறுத்தி வைப்பேன். இல்லைன்னா அஞ்சு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் கிட்ட கொண்டு போயே ஆகணும்."

முனியப்பன் சட்டைப் பையில் இருந்த பட்டியலின் நகல் எங்களிடம் இருந்தது. ஜீவிதாவின் குண்டு குண்டான கையெழுத்தில் பதிமூன்று பெயர்கள். பதிமூன்றுக்கும் பக்கத்தில் டிக். பதினான்காவது பெயர் மட்டும் கோணல் மாணலாக, முனியப்பனே எழுதியது. 'தம்பி நாச்சிமுத்து.' அதற்கு டிக் இல்லை.

ஒன்பதாவது வீட்டை விட்டு வெளியே வந்தபோது மணி ஒன்றரை. சார் வேப்ப மர நிழலில் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவர் முகம் சரியில்லை. கையைப் பிடித்து நாடி பார்த்தேன். நிமிடத்துக்கு 122, அதிலும் நடுநடுவே ஒன்று விட்டுப்போனது.

இதற்கு மேல் ஒரு டம்ளர் உள்ளே போனால் முனியப்பனுக்கு அடுத்த பெயராக உங்களை எழுத வேண்டி வரும் என்றேன். நான் இரண்டு வீட்டில் குரோட்டன்ஸ் செடிக்கு ஊற்றிவிட்டேன், அந்தச் செடிகள் இன்றைக்குத் தூங்காது என்றும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஆனா ஒண்ணு சார்," என்றேன். "செத்துப்போனவருக்கு ஒம்பது வீட்டுலயும் ஒண்ணுமே தரல. நமக்கு ஒம்பது வீட்டுலயும் காபி. நம்ம மூஞ்சி என்ன அம்புட்டு ராசியா?"

நாடி பார்த்துக்கொண்டிருந்த என் கையைச் சார் உதறினார்.

"இந்த ஊருக்கு நம்ம யாரு அறிவு?"

"பிடிக்காத ஆளுக. சண்முகவள்ளிக்காக வந்தவங்க."

"பிடிக்காதவனையே வாய் நனைக்காம வெளிய விடல. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த சொந்தக்காரனை விட்டிருப்பாங்களா?"

நான் பட்டியலை விரித்தேன். பதிமூன்று டிக்கையும் பார்த்தேன். ஒவ்வொரு வாசலிலும் முனியப்பன் டாக்டர் வேண்டாம் என்றாரென்று சொல்லியிருப்பார். நல்ல காரியத்துக்கு வந்துவிட்டு வாய் நனைக்காமல் போனால் எப்படி, ஒரு வாய் குடித்தால் என்ன ஆகிவிடும், உங்கள் மகள் கல்யாணம் எங்கள் வீட்டுக் கல்யாணம் இல்லையா என்று கேட்டிருப்பார்கள். ஒரு வீட்டில் குடித்துவிட்டு அடுத்த வீட்டில் மறுத்தால் அது தீராத வருத்தம். அங்கே குடித்தாரே, நாங்கள் என்ன இளப்பமா என்பார்கள். முதல் டம்ளரிலேயே மனிதர் மாட்டிக்கொண்டார். மூன்று மணி நேரத்துக்குள் பதிமூன்று டம்ளர். ஆறு மாதம் காபிக்குப் பட்டினி கிடந்த உடம்பு, தாளம் தப்பிய இதயம், மேலே வெயில்.

எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்றேன். எல்லோரும் ஒரே ஒரு டம்ளர் அளவுக்குத்தான் பொய் சொல்கிறார்கள் என்றார் சார்.

அதை எப்படி நிரூபிப்பது? சாருக்கு மூளை வேலை செய்வது அவர் கால் போகிற திசையில் தெரியும். நேராக ஊரின் ஒரே பெட்டிக்கடைக்குப் போனார். கரட்டுப்பட்டி டீ குடிக்கிற ஊர். காபி விருந்தாளிக்கு மட்டும்தான். நாங்கள் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்ததும் யாராவது ஒருவர் பின்வாசல் வழியாக நழுவியதை நானும் பார்த்திருந்தேன். அதை மரியாதை என்று நினைத்தேனே தவிர தடயம் என்று நினைக்கவில்லை.

கடைக்காரி பேச்சாயிக்கு ஐம்பது வயதிருக்கும். கடை முன்னால் ஷாம்பு, ஊறுகாய், காபித்தூள் என்று பாக்கெட் சரங்கள் தொங்கின. சார் இரண்டு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, காபித்தூளில் ஒரு முழுச் சரம் வேண்டும் என்றார்.

"முழுச்சரத்துக்கு எங்க போக? இன்னிக்கு உங்க ரெண்டு பேராலயே பதினெட்டு பாக்கெட் போச்சு," என்று பேச்சாயி சிரித்தாள். "வெள்ளிக்கிழமையும் இப்படித்தான், முனியப்பண்ணன் வந்த அன்னிக்கு..."

சிரிப்பு பாதியில் நின்றது. சொன்னதை விழுங்கப் பார்த்தாள். நான் கடைக்குள் போய் அவள் பக்கத்தில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டேன். ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவள் சாப்பிட்டு ஒரு நாள் ஆகிறது என்று மட்டும் சொன்னேன். பேச்சாயி தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கடையில் இருந்தது பதிமூன்று பாக்கெட். புதுச் சரத்தில் பன்னிரண்டு, பழைய சரத்தில் மிச்சம் ஒன்று. முனியப்பன் ஒவ்வொரு வீடாக ஏற ஏற, அந்தந்த வீட்டிலிருந்து ஆள் வந்து ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டு போனார்கள். பதினொன்றே முக்காலுக்குச் சரம் காலி.

"பதிமூணு வீடு, பதிமூணு பாக்கெட்," என்றேன் நான். "அப்ப சண்முகவள்ளிக்கு?"

"அதத்தான தாயி சொல்ல வாரேன். வள்ளி மூச்சு வாங்க ஓடியாந்தா. மூத்தவரு வீட்டுக்கு வந்துட்டாரு, ஒரு பாக்கெட் குடுங்குறா. எங்கிட்ட இல்ல. டீத்தூள் கொண்டுபோடின்னேன். பன்னெண்டு வருசம் கழிச்சு வாராரு, டீயவா குடுக்கன்னு செத்த நேரம் அப்படியே நின்னா. பெறகு வெறுங்கையோட திரும்பிப் போனா."

சாரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கொடுத்த பதிமூன்று வீடும் கொடுக்கவில்லை என்கிறது. கொடுக்காத ஒரே வீடு, கொடுத்தேன் என்று சொல்லிக் கம்பி எண்ணப் போகிறது.

பேச்சாயியை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டோம். முடியாது என்றாள். சார் கெஞ்சினார், நான் அதட்டினேன், இரண்டுக்கும் ஒரே பதில். பதிமூன்று வீட்டுக்கும் எதிராகச் சாட்சி சொல்லிவிட்டு அதே பதிமூன்று வீட்டுக்கு எப்படி உப்பும் புளியும் விற்பது என்று கேட்டாள். போலீஸ் வந்து கேட்டால் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்பேன் என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அந்த நேர்மையை என்னால் திட்டவும் முடியவில்லை.

ஐந்தாவது வீட்டுக்குத் திரும்பிப் போனோம். அந்த வீட்டுக்காரர் கண்ணன், முனியப்பனுக்குப் பால்ய சிநேகிதர். வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டிலிருந்து பாக்கெட் வாங்கினது தெரியும் என்று சார் எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டார். இல்லை என்று சொல்ல வந்த கண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"வேணாம் கண்ணா, நெஞ்சு படபடன்னு வருதுன்னான். நான்தான் டம்ளர எடுத்து அவன் கையில திணிச்சேன். என் வீட்டுல குடிக்காதவன் எந்த வீட்டுல குடிப்பன்னு கேட்டேன்."

இதை மட்டும் இன்ஸ்பெக்டரிடம் சொன்னால் போதும், உங்கள் மேல் எந்த வழக்கும் வராது, காபி கொடுப்பது குற்றம் இல்லை என்று சார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"வழக்குக்குப் பயப்படல சார். நாளைக்கு ஜீவிதா மூஞ்சில எப்படி முழிப்பேன்? எங்கப்பாவக் கொன்னது நீங்கதானா மாமான்னு கேக்கும்ல?"

உங்கள் ஒரு டம்ளர் கொல்லவில்லை என்று சொல்ல நினைத்தேன். எந்த டம்ளர் கொன்றது என்று திருப்பிக் கேட்பார். அத்தனை வருடம் ஈசிஜி எடுத்தவளுக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. கண்ணன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மிச்ச வீடுகளில் கதவே திறக்கவில்லை. நாங்கள் பெட்டிக்கடையில் பேசிக்கொண்டிருந்த செய்தி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

ஸ்டேஷனுக்கு வந்தபோது மணி நாலு பத்து.

சண்முகவள்ளி பெஞ்சில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயது, நெற்றியில் அழிந்துபோன குங்குமம், மடியில் கல்யாணப் பத்திரிகை. அதை மட்டும் அவளிடமிருந்து யாரும் வாங்கவில்லை போலிருக்கிறது. எனக்குப் பெரிய நம்பிக்கை வந்துவிட்டது. யாரும் சாட்சிக்கு வராவிட்டால் என்ன, இவள் வாயால் ஒரு வார்த்தை உண்மை வந்தால் போதுமே. அழகுராஜாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுச் சார் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"பேச்சாயி கடையில காபித்தூள் தீந்துபோச்சு. நீ என்னம்மா குடுத்த?"

அவள் மடியில் இருந்த பத்திரிகையின் ஓரத்தைத் தடவினாள். பிறகு சாரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள். "தண்ணி. ஒரு செம்புத் தண்ணி. பாலு கூட இல்ல, காலையிலயே சொசைட்டிக்கு ஊத்திட்டோம். செத்த இருங்க, தோட்டத்துக்குப் போன் பண்ணி எளநி வெட்டியாரச் சொல்றேன்னேன். அவரு எதுக்கு வள்ளி, இதுவே போதும்னாரு. கட்டில்ல உக்காந்தவாக்குலயே மடமடன்னு முழுசும் குடிச்சாரு. இன்னொரு செம்பு குடும்மான்னு கேட்டாரு. மோந்துட்டு வாரதுக்குள்ள சாஞ்சுட்டாரு."

அன்றைக்கு அந்த மனிதருக்குத் தேவையானதைக் கொடுத்த ஒரே வீடு உன் வீடுதான் என்று அவளிடம் சொன்னேன். பதிமூன்று வீட்டுக் காபியையும் விளக்கினேன். இன்ஸ்பெக்டரிடம் இதைச் சொல், பேச்சாயி கடையில் தூள் இல்லை என்பதைச் சொல், அவர் போய் விசாரிக்கட்டும், இன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன். அவள் பாதியைத்தான் கேட்டிருப்பாள்.

"பன்னெண்டு வருசம் கழிச்சு, பொண்ணு கல்யாணப் பத்திரிகையோட வாசப்படி ஏறுன மனுசன். அவருக்கு வெறும் தண்ணிய ஊத்தி அனுப்பிச்சேன்னு நான் எப்படித் தாயி சொல்லுவேன்? சாகக் கெடக்குறவுகளுக்குத்தான வெறும் தண்ணி ஊத்துவாக. அதனாலதான் போய்ட்டாருன்னு ஜீவிதா நெனைக்கும்ல?"

"அவ நீ விஷம் வச்சதா நெனைக்கிறாம்மா," என்றார் சார்.

"நெனைக்கட்டும். அது பொய்யுன்னு எனக்குத் தெரியும்ல. ரெண்டு மாசத்துல ஊருக்கும் தெரிஞ்சுபோகும். வெறும் தண்ணி குடுத்தது நெசம் சார். நெசத்த எங்க கொண்டு போய் வைப்பேன்?"

சார் இன்னும் இருபது நிமிடம் பேசினார். நாச்சிமுத்துவும் உள்ளே வந்து காலில் விழாத குறையாக அழுதார். இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஏமாற்றியவர்கள் எத்தனையோ பேரின் பொய்யை உடைத்த மனிதர் சேவியர் சார். ஒரு பெண் தன்னையே சிக்க வைத்துக்கொள்ளச் சொல்கிற பொய்யை உடைக்க அவரிடம் எதுவும் இல்லை. நாங்களே இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார், நம்பவும் நம்பினார். பேச்சாயிக்குப் போன் போட்டார். நான் அப்படி எதுவும் சொல்லவில்லையே என்று அவள் ஸ்பீக்கரில் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

ஐந்து மணிக்கு அழகுராஜா சண்முகவள்ளி முன்னால் வந்து நின்றார். வாக்குமூலம் எழுதுகிற ஏட்டு ஒருவரையும் கூப்பிட்டுக்கொண்டார்.

"கடைசியாக் கேக்குறேன்மா. வெள்ளிக்கிழமை அவருக்கு என்ன குடுத்த? யோசிச்சுச் சொல்லு."

அவள் எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"காபி. பசும்பால்ல, திக்கா, சீனி தூக்கலாப் போட்டு."

ஏட்டு எழுதிக்கொண்டார். வந்த விருந்தாளியைக் குறையில்லாமல் கவனித்து அனுப்பிய வீட்டுக்காரியின் நிறைவு அவள் முகத்தில் இருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பத்திரிகையை மடியில் செருகிக்கொண்டு அவளே நடந்து போய் ஜீப்பில் ஏறினாள்.

ஜீப் போன பிறகும் நாங்கள் அங்கேயே நின்றோம். என் வாட்ச் எண்பத்திரண்டு என்றது. எங்களுக்குச் சரியாகிவிட்டது.

ஒரு கான்ஸ்டபிள் வந்து, காலையிலிருந்து அலைகிறீர்களே, காபி சொல்லட்டுமா சார் என்று கேட்டார்.

"வேண்டாம்," என்றார் சேவியர் சார்.

கான்ஸ்டபிள் சரி சார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். அவருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.